பக்கத்து வீட்டு இருமலுக்குப் பயப்படலாமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 32 வீடுகள். சங்கத்துச் செயலாளர் நான். புதிய வைரஸ் பரவுகிறது என்று செய்தி வந்து பத்து நாள் ஆகிறது. எங்கள் கட்டடத்தில் இதுவரை யாருக்கும் உறுதியாகவில்லை, ஆனால் புகார்கள் மட்டும் நிற்கவில்லை. இரண்டாம் மாடிப் பையன் தொற்று உள்ள ஊரிலிருந்து வந்திருக்கிறான், வெளியே அனுப்புங்கள் என்கிறார்கள். லிஃப்டை மூடச் சொல்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ராத்திரி முழுக்க இருமல் என்கிறார் ஒருவர். கீழ்வீட்டுப் பெரியவர் மாஸ்க் போட மாட்டேன் என்கிறார். மூன்றாம் மாடியில் பெட்டி பெட்டியாகச் சாமான் அடுக்குகிறார்கள். வேலைக்கு வருபவர்களையும் காவலாளியையும் நிறுத்தச் சொல்கிறார்கள். குழந்தைகள் வராந்தாவில் சத்தம் போடுகிறார்கள் என்றுகூடப் புகார். எதைக் காதில் போட்டுக்கொள்வது, எதை விடுவது? ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கீழ்த்தள அறையில் கூட்டிப் பேசலாம் என்றிருக்கிறேன்.

பதில்:

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். ஜன்னல் சாத்திய ஓர் அறையில் ஐம்பது பேரை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துச் சத்தமாக வாக்குவாதம் செய்ய விடப் போகிறீர்கள் என்றால், நீங்கள் எழுதிய புகார்கள் எல்லாவற்றையும்விட ஆபத்தானது அதுதான்.

மிகைப்படுத்தவில்லை. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் என்ற பகுதியில், ஒரு பாடகர் குழு வழக்கமான பயிற்சிக்குக் கூடியது. 61 பேர். இரண்டரை மணி நேரம். அவர்களில் ஒருவருக்குச் சளி மாதிரி அறிகுறிகள் இருந்தன. அடுத்த சில நாட்களில் மொத்தம் 53 பேர் கோவிட் நோயாளிகளாகக் கணக்கில் வந்தார்கள், இரண்டு பேர் இறந்தார்கள். யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை. வாராவாரம் சந்திக்கிற நண்பர்கள்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. தொற்று ஆரம்பிக்கும் நாட்களில் பயம் கண்ணுக்குத் தெரிகிற எதிலாவது போய் ஒட்டிக்கொள்ளும். லிஃப்ட் பொத்தான், படிக்கட்டுக் கைப்பிடி, பார்சல் கொண்டுவரும் பையன், வெளியூரிலிருந்து பெட்டியோடு இறங்கியவன் என்று. வைரஸ் பெரும்பாலும் பரவுவதோ நாம் பயப்படாத இடங்களில். ஒரே சோபாவில் உட்கார்ந்து பேசும்போது, ஒன்றாகச் சாப்பிடும்போது, வராந்தாவில் நெருங்கி நின்று "அந்த வீட்டுப் பையனைப் பார்த்தீர்களா" என்று முக்கால் மணி நேரம் புரணி பேசும்போது. உங்களுக்கு வந்த புகார்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

சரி, இரண்டாம் மாடிப் பையன்.

எந்தப் புதிய வைரஸானாலும் நான் முதலில் தேடுவது இறப்பு விகிதத்தை அல்ல. அறிகுறி வருவதற்கு முன்பே அது பரவுமா, வந்த பிறகுதான் பரவுமா என்பதைத்தான். ஒரு குடியிருப்பு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பெரும்பாலும் இந்த ஒன்றைப் பொறுத்தே அமைகிறது. 2002 கடைசியில் கிளம்பிய சார்ஸ் நோய், தொற்றியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரைக் கொன்றது. 8,098 பேருக்கு வந்து 774 பேர் இறந்தார்கள். அப்படிக் கொடியதாக இருந்தும், 2003 ஜூலையிலேயே சங்கிலி அறுந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. காரணம், சார்ஸ் நோயாளி அதிகமாகக் கிருமியை வெளியிடுவது நோய் முற்றிய பிறகுதான். காய்ச்சல் வந்தவரைத் தனியாக வைத்தால் போதும், பரவல் நின்றுவிடும். அதன் உறவுக்கார வைரஸான கோவிடில் கதை தலைகீழ். காய்ச்சல் எட்டிப் பார்ப்பதற்கு ஓரிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். ஃப்ளூவும் ஏறக்குறைய அப்படித்தான், ஒரு நாள் முன்பிருந்தே. தட்டம்மை, உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே பரவும். எபோலா, அறிகுறி வரும்வரை பரவாது.

இப்போதைய வைரஸ் இதில் எந்தச் சாதி என்பதைச் சுகாதாரத் துறை அறிவிப்பில் பாருங்கள். அறிகுறிக்குப் பிறகுதான் பரவும் என்றால், அந்தப் பையன் காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்துக்கொண்டு, உடம்பு சரியில்லை என்றால் உடனே சொன்னால் போதும். முன்பே பரவும் என்றால், நோயரும்பும் காலம், அதாவது கிருமி தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய எடுக்கும் காலம், முடியும்வரை வீட்டுக்குள் இருக்க வேண்டும். அந்தக் காலம் நோய்க்கு நோய் மாறும். ஃப்ளூவுக்கு ஒன்று முதல் நான்கு நாள், கோவிடுக்கு இரண்டு முதல் 14 நாள், எபோலாவுக்கு 21 நாள் வரை. 14 நாள் என்று அப்போது சொன்னது யாரோ வாய்க்கு வந்ததைச் சொன்னதில்லை, நோய் வெளிப்பட எடுத்துக்கொண்ட அதிகபட்ச நாட்களை வைத்துப் போட்ட கணக்கு. (பழைய காலத்தில் இந்த அறிவெல்லாம் கிடையாது. 1377இல், இன்று குரோஷியாவில் துப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா துறைமுகம், கொள்ளைநோய் உள்ள இடங்களிலிருந்து வருபவர்களை 30 நாள் ஒதுக்கி வைத்தது. பிறகு மற்ற ஊர்களில் அது 40 ஆனது. வெனிஸ்காரர்கள் நாற்பதுக்குச் சொன்ன சொல்லிலிருந்து வந்ததுதான் குவாரன்டைன்.)

ஒன்றைக் கவனியுங்கள். அவன் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று நீங்கள் எழுதவே இல்லை. புகார் சொன்னவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்த ஊரிலிருந்து வந்து 12 நாளாகி நலமாக இருப்பவனும் நேற்று ராத்திரி வந்தவனும் ஒன்றா? "வெளியே அனுப்புங்கள்" என்றால் எங்கே போவான்? ஒரு விடுதிக்கோ நண்பன் வீட்டுக்கோ போவான். அங்கே எதற்காக வந்திருக்கிறான் என்பதைச் சொல்லமாட்டான். கிருமி இருந்தால் ஊருக்குள் சுற்றும், இல்லாவிட்டால் ஒரு குடும்பத்தை அவமானப்படுத்தியது மட்டும் மிச்சம்.

இருமலைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நான் அதிகம் அடிபட்டிருக்கிறேன்.

நோயாளியோடு பழகியவர்களைத் தேடிப் போய்ப் பட்டியல் எடுக்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன். ஒரு வீட்டில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து ஆறாவது நாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அந்தப் பெண் எதிர்வீட்டுக் கதவைக் கண்ணால் காட்டினாள். அவ்வளவுதான். அதற்கு முந்தின வாரம் அதே தெருவில் வேறொரு வீட்டில் சாதாரண ஜலதோஷம் வந்ததற்கே எதிர்வீட்டுக்காரர்கள் போட்ட கூச்சலை அவள் பார்த்திருக்கிறாள். தன் வீட்டில் இருமல் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று அப்பாவைக் கடைசி அறையில் படுக்க வைத்து, ஜன்னலைச் சாத்தி, டிவி சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தாள். அதே அறையில் இரண்டு குழந்தைகளும் படுத்திருந்தார்கள். சாத்திய ஜன்னல், நெருக்கம், ஆறு நாள் தாமதம் என்று வைரஸ் எதையெல்லாம் விரும்புமோ அதையெல்லாம் எதிர்வீட்டின் வாய் செய்து கொடுத்திருந்தது. எதிர்வீட்டிலும் பிறகு வந்தது. அது இந்த வீட்டிலிருந்து போனதா என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் இரண்டு வீட்டாரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

ஆகவே இருமல் புகார் வந்தால் அதைத் திருப்பிப் போடுங்கள். "அவர் மறைக்கிறார்" என்பது புகார். "அவருக்கு ஏதாவது வேண்டுமா என்று யாராவது கேட்டீர்களா" என்பது உங்கள் பதில். இருமல் என்றாலே வைரஸ் என்றும் இல்லை. ஆஸ்துமா, தூசு ஒவ்வாமை, நெஞ்செரிச்சல், புகைப்பழக்கம் எல்லாவற்றுக்கும் ராத்திரி இருமல் உண்டு. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் எனலாப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். பல வருடமாக அதோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காசநோய்க்குப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், புதிய வைரஸ் வந்த பரபரப்பில் பழைய நோய்கள் மறந்துபோவது வழக்கம். காய்ச்சலோடு சேர்ந்து புதிதாகத் தொடங்கிய இருமலா என்பதுதான் இப்போது கேட்க வேண்டிய ஒரே விஷயம். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், குழப்பமாகப் பேசினால், உதடு நீலம் பூத்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு. இதை மட்டும் நோட்டீஸ் போர்டில் பெரிய எழுத்தில் ஒட்டிவிடலாம்.

எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றும் ஒருவர் சொல்லியிருப்பார். எல்லா ஊரிலும் ஒருவர் சொல்வார். உங்கள் 32 வீட்டில் சுமார் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். நோயே இல்லாத நூறில் இரண்டு பேரை "இருக்கிறது" என்று தவறாகக் காட்டும் ஒரு டெஸ்ட். கட்டடத்தில் ஒருவருக்குக்கூட வைரஸ் இல்லாதபோது அதை எல்லாருக்கும் எடுத்தால், சராசரியாக இரண்டு அப்பாவிகளுக்கு இருக்கிறது என்று முடிவு வரும். நோய் அரிதாக இருக்கும் ஆரம்ப நாட்களில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் சோதிப்பது இப்படித்தான் முடியும். அறிகுறி உள்ளவர், நோயாளியோடு பழகியவர் என்று பார்த்து எடுத்தால் அதே டெஸ்ட் நன்றாக வேலை செய்யும்.

அடுத்து லிஃப்டும் மருந்து தெளிப்பதும். மக்கள் இதில் காட்டும் ஆர்வம் எனக்குப் புரிகிறது. துடைத்தால் ஏதோ செய்த திருப்தி கிடைக்கிறது. 2020 மார்ச்சில் வெளியான ஓர் ஆய்வக முடிவு, கோவிட் வைரஸ் பிளாஸ்டிக்கிலும் எஃகிலும் 72 மணி நேரம் வரை தடம் காட்டியது என்றது. உடனே உலகம் முழுக்கப் பைகளையும் பழங்களையும் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். நானும் கழுவினேன், மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் தடம் காண்பது வேறு, அதைத் தொட்டு நோய் வருவது வேறு. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், கிருமி பட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று கணக்குச் சொன்னது. இன்னொரு பக்கம், "இது காற்றில் பரவுவதில்லை" என்று 2020 மார்ச் கடைசியில் அடித்துச் சொன்ன உலக சுகாதார நிறுவனத்துக்கு, அதே ஆண்டு ஜூலையில் 239 அறிவியலாளர்கள் சேர்ந்து காற்றில் பரவுவதை ஒப்புக்கொள்ளுங்கள் என்று முறையிட வேண்டியிருந்தது. உலகமே கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னலைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான வைரஸ்களும் உண்டு, அதனால் கைகழுவுவதைக் கிண்டல் செய்துவிட வேண்டாம். வாந்தி பேதி தரும் நோரோ வைரஸ் கையிலும் பரப்பிலும் நன்றாகவே பரவும். சானிடைசருக்கு அது அவ்வளவாக மசியாது. கோவிட், ஃப்ளூ போன்றவற்றுக்கு மேலே கொழுப்பு உறை இருப்பதால் சோப்பும் ஆல்கஹாலும் அதைக் கரைத்துவிடும், நோரோவுக்கு அந்த உறை இல்லை. சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், தரைக்கு ப்ளீச் வேண்டும். எந்த வைரஸ் என்று தெரியாமல் எந்த ஆயுதம் என்று சொல்ல முடியாது என்பதால்தான் இவ்வளவு இழுக்கிறேன்.

லிஃப்டை மூடாதீர்கள். நான்காம் மாடியில் முழங்கால் வலியோடு இருப்பவரைப் படியேற வைத்து நீங்கள் எதையும் காப்பாற்றப் போவதில்லை. ஒரு தடவைக்கு ஒரு வீட்டார், உள்ளே பேச்சு வேண்டாம், மின்விசிறி ஓடட்டும். பொத்தானையும் கைப்பிடியையும் நாளைக்கு இரண்டு முறை துடைத்தால் போதும். ஐந்து சதவீத ப்ளீச் என்றால் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர். கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தோடு அதைக் கலந்துவிடக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். வைரஸ் வராத வீட்டில்கூட இப்படி மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். வாசலில் நிற்க வைத்து ஆள்மேல் மருந்து தெளிக்கும் யோசனை வந்தால் அங்கேயே வெட்டிவிடுங்கள். கண்ணும் தோலும் எரியும், உள்ளே போன வைரஸுக்கு ஒன்றும் ஆகாது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பயப்பட வேண்டிய, ஆனால் யாரும் பயப்படாத இடம் ஒன்று உண்டு. வடிகால். 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் சார்ஸ் வந்தது. அதில் சுமார் நாற்பது சதவீதம் ஒரே கட்டடத்தில், பெரும்பாலும் மேலும் கீழுமாக அடுக்கிய ஒரு சில வரிசை வீடுகளில். விசாரித்தபோது சந்தேகம் போய் நின்றது குளியலறைத் தரையின் வடிகாலில். அதன் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும், அதுதான் கழிவுக் குழாயின் காற்று வீட்டுக்குள் வராமல் தடுக்கும். புழங்காத வடிகாலில் அது வற்றிப்போய், காற்றை வெளியே தள்ளும் விசிறி கழிவுக் காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. பூட்டிக் கிடக்கும் வீடு, பயன்படுத்தாத குளியலறை இருந்தால் வாரம் ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கரப்பான் பூச்சியும் குறையும், அந்த வகையிலாவது நன்றி சொல்வார்கள்.

கீழ்வீட்டுப் பெரியவர். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் மரியாதையே இருக்கிறது. "வருஷம் ஒரு வைரஸ் என்று பயமுறுத்துகிறார்கள், ஒன்றும் வரவில்லையே" என்று அவர் சொன்னால் அது பொய் இல்லை. 1976இல் அமெரிக்காவில் ஒரு ராணுவ முகாமில் பன்றிக் காய்ச்சல் கண்டு, 1918இன் கொடிய ஃப்ளூ திரும்ப வருகிறது என்று அஞ்சி, 4 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். அந்தக் காய்ச்சல் முகாமைத் தாண்டிப் பரவவே இல்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் மிகச் சிலருக்கு ஒரு நரம்பு நோய் வர, திட்டத்தையே நிறுத்தினார்கள். 2009இல் உலகத் தொற்று என்று அறிவிக்கப்பட்ட ஃப்ளூவும் பயந்த அளவுக்குக் கொடியதாக இருக்கவில்லை. மாஸ்க் விஷயத்திலும் அவர் பக்கம் ஒரு நியாயம் உண்டு. 2020 பிப்ரவரி கடைசியில் "மாஸ்க் வாங்குவதை நிறுத்துங்கள்" என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியே சொன்னார். ஏப்ரல் 3 அன்று "எல்லாரும் முகத்தை மூடுங்கள்" என்று மாற்றினார்கள். மருத்துவமனைக்குத் தட்டுப்பாடு, அதனால் இப்போதைக்கு வாங்காதீர்கள் என்று அன்றே நேராகச் சொல்லியிருந்தால் இத்தனை அவநம்பிக்கை வந்திருக்காது. மாஸ்க் சண்டை புதிதும் அல்ல. 1919 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் மாஸ்க் எதிர்ப்புச் சங்கமே ஆரம்பித்தார்கள்.

ஆனால் 1918இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் நடந்ததையும் அவரிடம் சொல்ல வேண்டும். நகரத்தில் ஃப்ளூ வந்துவிட்டது என்று தெரிந்தும், செப்டம்பர் 28 அன்று போர் நிதிக்காக இரண்டு லட்சம் பேர் கூடிய ஊர்வலத்தை நடத்தினார்கள். சில நாட்களில் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. செயின்ட் லூயிஸ் நகரம், நோயாளிகள் தெரிந்த சில நாட்களிலேயே பள்ளி, திரையரங்கு, கூட்டம் எல்லாவற்றையும் மூடியது. அங்கே உச்சகட்டத்தில் இறந்தவர்களின் விகிதம் பிலடெல்பியாவைவிட வெகுவாகக் குறைவு. செயின்ட் லூயிஸில் அப்போது முணுமுணுத்த கடைக்காரர்கள் "இவ்வளவு மூடியும் பெரிதாக ஒன்றும் வரவில்லையே" என்றுதான் நினைத்திருப்பார்கள். தடுத்தது பலித்தால் தடுத்தது வீண் என்றுதான் தோன்றும், இந்த வேலையின் சாபமே அதுதான்.

இன்னொன்று, நம் மனம் மெதுவாகக் கூட்டும், வைரஸ் பெருக்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை இரட்டிக்கும் நோய் இன்று ஒருவருக்கு என்றால், முப்பது நாளில் ஆயிரத்தைத் தாண்டும். முதல் பன்னிரண்டு நாளில் 16 பேர்தான். அந்தப் பன்னிரண்டு நாளில் பெரியவர் சொல்வதே சரி போலத் தெரியும். அவரிடம் வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். நெருக்கடி எதுவும் இல்லாத இடத்தில் அவர் மாஸ்க் இல்லாமல் தனியாக நடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, மொட்டை மாடியில் நடக்கட்டும். மூடிய இடத்தில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் ஐயா, உங்களைவிட எனக்குத்தான் பயம் என்று சொல்லுங்கள். வயதானவர்கள் தனக்காகச் செய்யாததைப் பிறருக்காகச் செய்வார்கள். பயம் நமக்கு என்று சொன்னால் அவருக்கும் கௌரவம்.

பதுக்கல். மூன்றாம் மாடிக்காரர் கெட்டவர் இல்லை, கணக்குப் போட்டிருக்கிறார். தட்டுப்பாடு வரும் என்று எல்லாரும் நம்பினால் தட்டுப்பாடு நிஜமாகவே வரும், அப்போது முதலில் வாங்கியவன் புத்திசாலி. நூறு வீட்டுக்கு ஒரு வாரச் சரக்கு வைத்திருக்கும் கடையில் ஒவ்வொருவரும் இரண்டு வாரத்துக்கு வாங்கினால் ஐம்பது வீடு வெறுங்கையோடு திரும்பும், கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லாமலே. 1973 டிசம்பரில் ஜானி கார்சன் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையாளர் கழிவறைத் தாளுக்குத் தட்டுப்பாடாம் என்று வேடிக்கையாகச் சொல்லப்போக, மறுநாள் மக்கள் ஓடிப்போய் வாங்கித் தட்டுப்பாட்டை உண்டாக்கியே விட்டார்கள். பெட்டிகளைப் பற்றி ஒரே ஒரு புகாரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அவை வராந்தாவில் வழியை மறிக்கின்றனவா? நெருப்புப் பிடித்தால் ஓட இடம் வேண்டும். மற்றபடி விடுங்கள். தினசரி மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு மூன்று வாரத்துக்கு வாங்கி வைப்பது பதுக்கல் ஆகாது, அதை நீங்களே சொல்லி வாங்க வையுங்கள்.

வேலைக்கு வருபவர்களையும் காவலாளியையும் பற்றி வந்த புகார்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் நம் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள் என்று பயப்படுகிறோம். ஆறு வீடு ஏறி இறங்கும் அந்த அம்மாவுக்கு நம்மில் ஒருவரிடமிருந்து போகும் வாய்ப்பு அதைவிடக் குறைவில்லை. நிறுத்துவதானால் சம்பளத்தோடு நிறுத்துங்கள். இல்லையென்றால் காய்ச்சல் வந்தாலும் மறைத்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போவார், போகாமல் என்ன செய்வார். காவலாளிக்கு நல்ல மாஸ்க், கைகழுவ ஓர் இடம், காற்று வரும் பக்கம் நாற்காலி. முடிந்தது.

குழந்தைகள் வராந்தாவில் சத்தம் போடுகிறார்கள் என்பதை ஏன் வைரஸ் புகாரோடு சேர்க்கிறார்கள் என்று தெரியவில்லை. மொட்டை மாடிக்கு அனுப்புங்கள், திறந்த வெளிதான் இருப்பதிலேயே பாதுகாப்பான இடம்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் அது எரிந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். "என் தங்கையின் நாத்தனார் பெரிய மருத்துவமனையில் வேலை செய்கிறாள், அவள் சொன்னாள்" என்று ஆரம்பிக்கும் ஆடியோ ஒன்றாவது வந்திருக்கும். இதைச் சிரித்துவிட்டுப் போக முடியாது. 2020இல் சாராயம் கோவிடைக் கொல்லும் என்ற வதந்தியை நம்பி ஈரானில் மெத்தனால் கலந்ததைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். பிரிட்டனில் கோவிடுக்குக் காரணம் அவைதான் என்ற வதந்தியை நம்பிச் செல்போன் கோபுரங்களுக்குத் தீ வைத்தார்கள். குழுவைப் பூட்டாதீர்கள், பூட்டினால் இன்னொன்று முளைக்கும், அதில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். ஒரே ஒரு விதி போடுங்கள்: யார் சொன்னது, எந்தத் தேதி என்பது இல்லாத எதையும் அனுப்பக் கூடாது. கட்டடத்தில் யாருடைய பெயரையும் உடல்நிலையோடு சேர்த்து எழுதக் கூடாது. ஒரே விதி என்று சொல்லி இரண்டு சொல்லிவிட்டேன், இரண்டாவதுதான் முக்கியம்.

இனி ஞாயிற்றுக்கிழமை. கூட்டத்தை மொட்டை மாடிக்கு மாற்றுங்கள். வீட்டுக்கு ஒருவர், அரை மணி நேரம், உடம்பு சரியில்லாதவர் போனில். மேலே சொன்ன விஞ்ஞானம் எதையும் அங்கே பேச வேண்டாம். ஒரே ஒரு பொருள் போதும்: நம் கட்டடத்தில் முதல் ஆளுக்கு உறுதியானால் என்ன செய்வோம்? அந்த ஆள் யார் என்று தெரிவதற்கு முன்பே இதை முடிவு செய்தாக வேண்டும். பெயர் தெரிந்த பிறகு பேசினால் அது விசாரணை ஆகிவிடும். இன்று பேசினால், ஒவ்வொருவரும் அது தன் வீடாகவே இருக்கலாம் என்ற நினைப்போடு பேசுவார்கள், குரல் தானாக இறங்கும். யார் மளிகை வாங்கித் தருவது, வாசலில் வைத்துவிட்டு யார் மணி அடிப்பது, ராத்திரி மூச்சு வாங்கினால் யார் வண்டி, அவசர எண் யாரிடம், தனியாக வாழும் மூத்தவர்களுக்கு யார் தினமும் போன் செய்வது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதிக்கொள்ளுங்கள். இருமல் புகார் சொன்னவருக்கே அந்தப் பக்கத்து வீட்டைக் கொடுங்கள். ராத்திரி முழுக்கக் காதை வைத்துக்கொண்டிருக்கிறார், அவரைவிடச் சரியான ஆள் கிடைக்கமாட்டார்.

கூட்டத்துக்கு முன்னால், நாளைக்கே, இரண்டாம் மாடி அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். பையன் எந்தத் தேதி வந்தான் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், எத்தனை நாள் பாக்கி என்று அவருக்கும் தெரிந்தால் நிம்மதியாக இருக்கும். அப்புறம், குப்பையை யார் கீழே கொண்டுபோகிறார்கள் என்று கேளுங்கள். இவ்வளவு பேச்சு ஓடுகிற கட்டடத்தில் அந்த வீட்டார் வெளியே வரக் கூசிக்கொண்டு அதை உள்ளேயே சேர்த்து வைத்திருப்பார்கள்.